மஞ்சள் மரக்கட்டை

விடுதியின் இரண்டாம் மாடி நடையில் காலை வெயில் நீளமாக விழுந்து கிடக்கிறது. புது மாணவிகளுக்கான வரவேற்புப் பரிசை வடிவமைத்தவள் படியோரம் நிற்கிறாள். அதற்காக, போன வருடம் சேர்ந்த நாற்பது பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டாள். “கதவு தானா சாத்திக்குதுக்கா. முதல் வாரம் பூரா ஒருத்தரும் எட்டிப் பாக்கல.” பாதிப் பேர் சொன்னது இதுதான். அதனால்தான் வழக்கமாகத் தரும் குவளைக்குப் பதிலாக, கதவடியில் செருக இந்த மஞ்சள் மரக்கட்டை. “கட்டையையா பரிசுன்னு நீட்டுவே? சொதப்பினா உன் தலைதான் உருளும்” என்றார் விடுதி மேலாளர். இப்போது நடை நெடுகக் கதவுகள் திறந்திருக்கின்றன. “ஊசி நூல் இருக்கா?” என்று ஓர் அறையிலிருந்து குரல் கிளம்ப, மூன்று அறைகள் ஒன்றாக “இருக்கு, வா!” என்கின்றன. அவளுக்கு நெஞ்சு நிமிர்கிறது. தலையைத் துவட்டியபடி ஒருத்தி வாசலுக்கு வருகிறாள். “யாரைப் பாக்கணும்க்கா? சும்மா உள்ள வந்து உக்காருங்க.”