சேறு படாத சட்டை

சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

பேர்ணடெற் மகளைத் தூரத்திலேயே கண்டுவிட்டாள்.

கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில், கடலுக்குக் கிட்ட, மாதா கோயிலுக்குச் சொந்தமான தென்னங்காணி. முந்தின இரவு அடித்த மழையில் பள்ளமெல்லாம் சேறு. அந்தச் சேற்றுக்குள் இயற்கை முகாமுக்கு வந்த பிள்ளைகள். எது கை, எது கால், யார் பெற்ற பிள்ளை என்று தெரியாத கோலம். ஒருத்தி இன்னொருத்தியைத் தென்னம் மட்டையில் இருத்தி இழுத்துக்கொண்டு போகிறாள். இரண்டு பொடியன்கள் வாய்க்கால் வெட்டி, சிரட்டையைக் கப்பலாக விட்டு, துறைமுகத்துக்கு வழி விடச் சொல்லிக் கத்துகிறான்கள்.

நிலூஷா மட்டும் ஜம்பு மரத்து நிழலில், தலையில் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக, மடிப்புக் குலையாமல் இருந்தாள்.

அது பழைய சட்டை. பழசாகப் பார்த்துத்தான் தாய் பையில் வைத்துவிட்டாள். "இதை வெள்ளையாத் திருப்பிக் கொண்டுவந்தாய் எண்டால் வீட்டுக்குள்ள எடுக்க மாட்டன்" என்று சொல்லி, கொட்டாஞ்சேனையில் வான் வண்டியில் ஏற்றிவிட்டது வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு. நாலு மணிக்கு முகாம் முடிகிறது. இன்னும் அரை மணித்தியாலம்தான்.

கேட்டது பிள்ளைதான். கோயில் வாசலில் ஒட்டியிருந்த இயற்கை முகாம் நோட்டீசில், மண் பூசிய முகங்களோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, எனக்கும் இது வேணும் என்று ஒற்றைக் காலில் நின்று கேட்டாள். பேர்ணடெற்றும் பெயர் கொடுத்த அன்றைக்கே, மற்றப் பிள்ளைகளைப் போல விடுங்கோ, அவ்வளவுதான் வேணும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். மெல்ரோய் தலையாட்டினான்.

மெல்ரோய்தான் முகாமை நடத்துகிறவன். பங்கு இளைஞர் சங்கத்துப் பொடியன். இப்போது அவனை வாசலில் வைத்து மற்றத் தாய்மார் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இதைத் தோய்ச்செடுக்கிற பவுடரை நீரா வாங்கித் தாறீர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவன் சிரித்துச் சமாளித்தான். பிள்ளைகளை வரிசையில் விட்டு, மணியடித்து விளையாடப் பழக்கக் கூடாது. வெளியில் அவிழ்த்து விட்டுவிட்டுப் பெரியாட்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவேணும். துணிவும் அதில்தான் வரும், கூட்டும் அதில்தான் வரும், விழுந்தால் எழும்பவும் அதில்தான் வரும் என்று விளங்கப்படுத்தினான்.

நல்ல கதைதான். பேர்ணடெற் அதை நம்பித்தானே பிள்ளையை அனுப்பினாள்.

சனத்தை விலத்திக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றாள். அவள் வாய் திறக்கமுன்னம் அவன் முந்திக்கொண்டான்.

"நிலூஷாவைப் பற்றி ஒண்டும் யோசிக்காதீங்கோ அன்ரி. பூப்போல வச்சுப் பார்த்தம். ஒரு கீறல் இல்லை. எங்கட அம்பயரே அவதான்."

பேர்ணடெற்றுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். கப்பல் கந்தோரில் ஆம்பிளைகளுக்கு நடுவில் வேலை பார்த்துப் படித்த பழக்கம்.

"விதியே இல்லாத விளையாட்டுக்கு அம்பயர் என்னத்துக்கு மெல்ரோய்? கீறல் படாமல் கண்ணாடிக்குள்ள வைக்க அவள் என்ன மாதா சுரூபமா?"

அவன் சிரிப்பு நின்றது. "இல்லை அன்ரி, நாங்கள் ஒரு இரக்கத்தில…"

இரக்கம். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று மகளைப் பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் இருத்திக் கேக் கொடுத்ததும் அதுதான். நத்தார் நாடகத்தில் மற்றப் பிள்ளைகள் இடையராகவும் சம்மனசாகவும் ஓடித் திரிய, மகளை நட்சத்திரமாக்கி ஒரே இடத்தில் வைத்ததும் அதுதான். கேட்டால், நல்ல இடம்தானே கொடுத்தோம் என்பார்கள். அடிக்கிறவனைத் திருப்பி அடிக்கலாம். தடவிக் கொடுக்கிறவனை என்ன செய்கிறது?

மரத்தடிக்குப் போனாள்.

நிலூஷா நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. அழுதால் இன்னும் இரக்கப்படுவார்கள் என்று ஒன்பது வயதிலேயே படித்து வைத்திருந்தாள்.

"எல்லாருக்கும் பத்துக்குப் பத்துக் குடுத்திட்டன் அம்மா. வேற வேலை இல்லை."

பேர்ணடெற் விசிலைக் கழற்றினாள். தொப்பியைக் கழற்றினாள். பிறகு முழங்காலில் நின்று குனிந்து, மகளின் இரண்டு கால்களிலும் தொடையிலிருந்து குதிவரைக்கும் பூட்டியிருந்த இரும்புச் சட்டங்களின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள்.

மெல்ரோய் ஓடிவந்தான். "அன்ரி, அவவால ஏலாது."

"சேத்துக்குள்ள இருக்கிறதுக்குக் கால் என்னத்துக்கு?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, போட்ட செருப்போடு சேற்றில் இறங்கி, வாய்க்கால் வெட்டுகிற இடத்தில் தொப்பென்று இருத்தினாள். வாசலில் நின்ற தாய்மார் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"நீங்கள் போங்கோ அம்மா" என்றாள் நிலூஷா, திரும்பிப் பாராமல்.

பேர்ணடெற் பின்வாங்கி நின்றாள்.

சேற்றில் குளித்த ஒரு பொடிச்சி, வந்தது யாரென்றும் பாராமல், கை நிறைய அள்ளி எறிந்தாள். அது நிலூஷாவின் முகத்தில், கண்ணும் மூக்கும் மறைய, அப்பிக்கொண்டது.

மெல்ரோய் பாய்ந்தான். பேர்ணடெற் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பிள்ளை கண்ணை மட்டும் வழித்தாள். பிறகு இரண்டு கையாலும் அள்ளினாள்.

ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை.