ஒரு நாற்காலி கூடியபோது

பள்ளி நூலகத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வாசிப்பு வட்டம் கூடும் நாளில் பெற்றோர் வரிசையாக ஆளுக்கொரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். குழந்தைகளின் குட்டை நாற்காலியில், முழங்கால் நெஞ்சை இடிக்க, பேருந்து ஓட்டுநர் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கிறார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். போன மாதம் அவர் திக்கியபோது சிலர் சிரித்தார்கள். அன்று அவர் மகள் வீடுவரை அவரை விட்டு முன்னால் தனியாக நடந்தாள். அதனால் இன்று முதல் ஆளாக வந்து, போட்டிருந்த நாற்காலிகளை எண்ணி, தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டு, அதை மனப்பாடம் செய்துவிட்டார். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. கதவு திறக்கிறது. "மன்னிச்சிடுங்க டீச்சர், கடையைப் பூட்டிட்டு ஓடி வரேன்" என்று மூச்சிரைக்க வரும் தையல்காரம்மா, ஓட்டுநருக்கு முந்தைய இடத்தில் இன்னொரு நாற்காலியைச் செருகி உட்கார்ந்துவிடுகிறார். கணக்கு ஒரு பத்தி தள்ளிப்போக, ஓட்டுநர் பாதி எழுந்து பக்கத்திலிருக்கும் மகளிடம் சொல்கிறார்: "போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்மா." "உக்காருங்கப்பா. அவ்ளோ பெரிய பஸ்ஸை ஓட்டுறீங்க, இதுக்குப் பயமா?" தையல்காரம்மா படிப்பது ஓட்டுநர் மனப்பாடம் செய்த பத்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் முந்திக்கொண்டு ஓட்டுநரின் உதடுகள் அசைகின்றன. மகள் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அந்த உதடுகளையே பார்க்கிறாள். பத்தி முடிகிறது. டீச்சர் ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைக்கிறார். மகள் தன் நாற்காலியை அவரோடு ஒட்டி இழுத்துப் போடுகிறாள். "எழுத்துக்கூட்டியே படிங்கப்பா," என்கிறாள், வட்டம் முழுக்கக் கேட்கும்படி. "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."