மிஞ்சிய சத்தம்

ஒரே ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கிச் சேர்த்தால், ஒன்றையொன்று தின்றுவிட்டு மௌனம்தான் மிஞ்ச வேண்டும். பழுதுபார்த்த சிந்தசைசர் இசைக்கருவிகளை யில்வா இப்படித்தான் சோதிப்பாள். கோத்தன்பர்க்கில் அன்று மழை. மேஜை மைக்கைக் கருவியில் செருகி ஹெட்போனை மாட்டினாள். மௌனம் வரவில்லை. கோப்பை ஒன்று உடையும் சத்தம் கேட்டது.

"ஸ்டூரே, என்னத்தப் போட்டு உடைச்ச?"

"ஒண்ணும் உடையல," என்றான் கணவன் சமையலறையிலிருந்து. "நீ பேசாம அந்தப் பொட்டியவே கட்டியிருக்கலாம். இரு, காபி கொண்டாரேன்."

சற்று நேரத்தில் அங்கே கோப்பை உடைந்தது. அதே சத்தம்.

"உன் வாய் முகூர்த்தம்!" என்று கத்தினான்.

அலையை முன்னே தள்ளும் குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். பக்கத்து வீட்டு நாய் மூன்று முறை குரைத்தது. ஹெட்போனைக் கழற்றிக் காத்திருந்தாள். நாய் மூன்று முறை குரைத்தது.

மறுபடி மாட்டிக்கொண்டு, குமிழைக் கடைசிவரை திருப்பினாள்.

ஸ்டூரேயின் குரல், மைக்குக்கு மிக அருகில்.

"காபி ஆறுது பாரு. ஏய், விளையாடாத. யில்வா! எந்திரிடி, யில்வா!"

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஸ்டூரே, எனக்கு ஒண்ணுமில்ல. இங்கதான் இருக்கேன்."

கருவியில் மைக்கின் ஒலியளவு காட்டும் முள் அசையவில்லை. மைக்கைக் கையில் எடுத்து இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள். அப்போதும் முள் படுத்தே கிடந்தது.

சமையலறையில் வேறொரு கோப்பையில் கரண்டி கலக்கும் சத்தம் கேட்டது. முள் துள்ளியது. பிறகு அவனுடைய செருப்புச் சத்தம் அறையை நோக்கி வர வர, ஒவ்வோர் அடிக்கும் துள்ளியது.