நாலு பேர் இருந்த கல்லூரியில் இருநூற்றுப் பதினான்கு போன்கள்

"நான் விக்கல சார்" என்று நம்பிராஜன் மூன்றாவது முறையாகச் சொன்னார். மூன்று முறை சொல்கிறவன்தான் விற்றிருப்பான் என்கிற முகத்தோடு கல்லூரி முதல்வர் வல்லிநாயகம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம்பிராஜன் அந்த வடகரைக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். பதினோரு வருடமாகத் தற்காலிகம். இந்த மாதம்தான் நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு எழுந்து, கோப்பு முதல்வர் மேசைவரை வந்திருந்தது. இப்போது அதன்மேல் காப்பி டம்ளர் இருந்தது.

புகார் கொடுத்தவள் மிஸ்ரியா, மூன்றாம் ஆண்டு மாணவி. கல்லூரி மதிலுக்குப் பின்தெருவில் வீடு. மணி அடித்த பிறகு கிளம்பினாலும் முதல் வகுப்புக்கு வந்துவிடுவாள். டெக் ஃபீஸ் குழுவில் மாணவர் பிரதிநிதி.

டெக் ஃபீஸ் என்றால் ஒவ்வொரு பிள்ளையும் பருவத்துக்கு எழுநூற்றைம்பது ரூபாய் கட்டுவது. அதில் என்ன வாங்கலாம் என்று முடிவு செய்ய ஐந்து பேர் குழு. நாலு பேர் தலையாட்டுவார்கள், இவள் கேள்வி கேட்பாள். 'காட்சிக் கருவி' என்ற பெயரில் முதல்வர் அறைக்கு வரப்பார்த்த டிவியை வாசலோடு திருப்பி அனுப்பியவள். அதிலிருந்து இவள் உள்ளே வந்தால் முதல்வர் முதலில் தண்ணீர் குடிப்பார்.

இன்றைக்கும் குடித்தார். அவள் தன் போனை மேசையில் நிமிர்த்தி வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள், மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போட.

"புதன்கிழமை ஆன்லைன் டெஸ்ட்ல அறுவத்தி மூணு பேருக்கு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு சார். டைம் முடிஞ்சதும் எல்லாருக்கும் முட்ட. எங்க வீட்டுலல்லாம் தனியா நெட்டு கிடையாது, காலேஜ் நெட்ட நம்பித்தான் இருக்கோம். நாங்க காசு கட்டுத நெட்டு எங்கன போகுது?"

நம்பித்தான் இருக்கோம் என்றதும் முதல்வர் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தார். லேப்டாப்பைத் திறந்து காட்டும்படி நம்பிராஜனிடம் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. கல்லூரி பன்னிரண்டுக்கே விட்டாயிற்று. குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்ததால் பிள்ளைகள் வீட்டுக்குக்கூடப் போகாமல் அருவியில் தலையைக் கொடுக்கப் போய்விட்டார்கள். ஆனால் கல்லூரி நெட்டில் அந்த நிமிடம் இணைந்திருந்த போன்கள் இருநூற்றுப் பதினான்கு என்று லேப்டாப் சொன்னது.

"நாம மூணு பேரு. வாட்ச்மேன் செல்லச்சாமியோட நாலு. மிச்சம் இருநூத்திப் பத்தும் பேயா வே?" என்று கேட்டார் முதல்வர்.

"செல்லச்சாமிட்ட இருக்கது பட்டன் போனு சார். இருநூத்திப் பதினொண்ணு" என்றார் நம்பிராஜன், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு.

மிஸ்ரியா வந்ததும் சொன்ன குற்றச்சாட்டையே மறுபடி போட்டாள். லேப் சார் பாஸ்வேர்டை வெளியே வித்திருக்கார் என்றாள். நெட்டு வேலை தெரிந்தவர் அவர் ஒருத்தர்தானே என்றாள்.

கல்லூரிக்கே ஒரே பாஸ்வேர்டுதான், எல்லா வகுப்பிலும் போர்டில் எழுதிப் போட்டதுதான் என்று நம்பிராஜன் சொல்லிப் பார்த்தார். முதல்வர் காதில் ஏறவில்லை. காப்பி டம்ளரை நகர்த்தினார், அடியில் இருந்த கோப்பை மூடினார், ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நம்பிராஜன் பக்கம் தள்ளினார். ராஜினாமா என்று நீரே எழுதிக் கொடுத்துவிட்டால் உமக்கும் மரியாதை, எனக்கும் விசாரணை மிச்சம் என்றார்.

நம்பிராஜன் பேனாவைத் தொடவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க சார். இப்பவே பாஸ்வேர்ட மாத்துதேன். ஓசி நெட்டு நின்னா ஒருத்தனும் சும்மா இருக்க மாட்டான். யார்ட்ட வாங்குனானோ அவங்களுக்குத்தான் போனப் போடுவான். எனக்கு ஒரு போன் வரட்டும், நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்."

"ஸ்பீக்கர்ல போடணும்" என்றாள் மிஸ்ரியா. "குழுவுல எல்லாரும் கேக்கணும்லா."

சரி என்றார் நம்பிராஜன். தன் போனை அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். லேப்டாப்பில் எதையோ தட்டினார். இருநூற்றுப் பதினான்கு, அப்படியே பூஜ்யம் ஆயிற்று.

மூன்று பேரும் நம்பிராஜனின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரம் விரிசல் விட்ட கண்ணாடி, ரப்பர் பேண்ட் போட்ட உறை. ஒரு நிமிடம் ஆயிற்று. முதல்வர் தண்ணீர் குடித்தார். இரண்டு நிமிடம் ஆயிற்று. வெளியே செல்லச்சாமி யாரையோ கேட்டைத் தாண்டி விடமாட்டேன் என்று அதட்டும் சத்தம் கேட்டது.

போன் அடித்தது.

நம்பிராஜன் வெள்ளைத் தாளை இழுத்தார். கை தானாகப் பேனாவைத் தேடியது. பிறகுதான் தன் போன் இருண்டே கிடப்பதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த போன்தான் வீடியோவை நிறுத்திவிட்டு மேசையில் அதிர்ந்துகொண்டிருந்தது. திரையில் 'உம்மா' என்று இருந்தது.

மிஸ்ரியா அதைத் துண்டிக்கக் கையை நீட்டினாள்.

"எடும்மா" என்றார் முதல்வர். "ஸ்பீக்கர்ல போடு. எல்லாருக்கும் அதான சட்டம்."

போட்டாள். எதிர்முனையில் பத்து இருபது பெண்களின் சத்தத்துக்கு நடுவே அவள் அம்மா ஹாஜரா பீவியின் குரல் வந்தது.

"ஏட்டி மிஸ்ரியா, துபாய்க்காரன் பொண்டாட்டியெல்லாம் பாதிப் பேச்சுல நெட்டு நின்னுபோயி நம்ம வாசல்ல வந்து நிக்காளுவ, புது பாஸ்வேர்டு என்னட்டி?"