உள்பெயர்

அந்த எழுத்துருவுக்கு அவன் வாங்கிய விலை இரண்டு காபி. அதனுள்ளே அவன் வைத்துக் கொடுத்த மனசோ, கேட்பாரில்லாமல் ஆறு மாதமாகக் கிடந்தது.

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் பக்கத்து மேஜைக்காரி கேட்டாள் என்று அவன் வரைந்தது அது. கோப்புக்கு ‘புதுசு-2’ என்று பெயர் போட்டான். எழுத்துருவின் உள்பெயராக மட்டும் அவள் பெயரையே வைத்துவிட்டான். மென்பொருளுக்கு இரண்டில் எதைக் கொடுத்தாலும் எழுத்து வந்துவிடும். அவள் எப்போதும் கோப்பின் பெயரையே கொடுத்ததால் குட்டு உடையவில்லை.

அன்று அவள் குரல் கொடுத்தாள். “சார், ‘புதுசு-2’ கோப்பைக் காணோம்னு சொல்லுது. அச்சகத்துக்காரர் கீழே காத்துக்கிட்டிருக்கார்!”

“இதோ, மறுபடி அனுப்புறேன்.”

“எதுக்கு? கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே போட்டு வெச்சிருக்கே. உள்பேரைக் கொடுத்தா வந்துட்டுப் போகுது. என்ன பேர்?”

“அது... கொஞ்சம் நீளமான பேருங்க.”

“நீளமா? மூணே எழுத்துதானே?”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“முடிச்ச பக்கத்துல எந்தெந்த எழுத்துரு இருக்குன்னு பட்டியல் காட்டுமே, அதுல முதல் நாளே பார்த்துட்டேன். நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு இருந்தேன். ம்ஹூம்! அதான் காலையில கோப்பை நானே தூக்கிட்டேன்.”

“அப்போ அச்சகத்துக்காரர்?”

“அவர் நாளைக்குத்தான் வர்றார். எழுந்திருங்க, காபி குடிக்கலாம்.”

“யார் கணக்குல?”

“இனிமே என்ன உங்க கணக்கு, என் கணக்கு?” என்றாள் அவள்.