பாதி வழியில் ஒரு ‘டி’

ஆகஸ்ட் வெயில் பள்ளி உணவுக்கூடத்துச் சன்னல் வழியே விழுந்து, ஹெலெதின் கையிலிருக்கும் முடிவுத்தாளில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. இரண்டாண்டுப் படிப்பின் பாதியில் எழுதிய தேர்வு, வேதியியலில் ‘டி’. மருந்தியல் படிக்க ‘பி’ வேண்டும். சுற்றிலும் அழுகையும் ஆரவாரமுமாகக் கிடக்க, அவள் நேரே வேதியியல் ஆசிரியை நெரிஸின் மேசைக்குப் போய் நிற்கிறாள். “மிஸ், யுனிவர்சிட்டி விண்ணப்பத்துல அடுத்த வருஷ ஃபைனல்ல எனக்கு என்ன கிரேடு வரும்னு எழுதுவீங்க?” “இப்போதைக்கு ‘சி’தாம்மா.” “முதல் தாள் நல்லாத்தானே இருக்கு? ரெண்டாவதுலதான் கவுந்துட்டேன். அதைத் திரும்ப எழுதப்போறேன். செப்டம்பர்ல நீங்களே ஒரு டெஸ்ட் வைங்க, பாத்துட்டு எழுதுங்க.” “அதுலயும் கவுந்தா?” “‘சி’யே போடுங்க, சண்டைக்கு வரமாட்டேன்.” நெரிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சிரிக்கிறாள். “சரி, வைக்கிறேன்.” “எனக்குப் புரியாத இடத்தை இன்னைக்கே கேக்கலாமா?” “இன்னைக்கு லீவும்மா!” ஹெலெத் அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள்.