இரண்டு பத்து கூட்ஸ்

ஆம்பூர் வீட்டு ஜன்னலில் மத்தியான வெயிலோடு தோல் பதனிடும் ஷாப் வாடையும் வருகிறது. ரிட்டயரான ரயில்வே சிக்னல் கேபின்மேன் ஆதிகேசவன், மகள் சௌந்தர்யா கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்த சிக்னல் விளையாட்டில், 1991ஆம் வருஷத்து அட்டவணைப்படி ரயில்களை விட்டுக்கொண்டிருக்கிறார். மத்தியானம் இரண்டு பத்து மணி கூட்ஸ் வண்டியை மட்டும் சிவப்பில் நிறுத்திவிட்டு, மவுஸின் மேல் மகளின் வளையலை வைக்கிறார். லைனில் ஆள் வேலைக்கு இறங்கினால், மறந்து பச்சை கொடுத்துவிடாதபடி சிக்னல் லீவரில் இரும்பு வளையம் மாட்டுவது கேபின் வழக்கம். அந்த வருஷம் ஒருநாள், கூட்ஸ் லேட்டாகிறதே என்று வளையத்தைச் சீக்கிரம் கழற்றிவிட்டார். தண்டவாள வேலைக்கு இறங்கியிருந்த கேங்மேன் ஆரோக்கியம் உயிரோடு திரும்பவில்லை. “இன்னாப்பா, பச்சை குடு. பின்னாடி மூணு வண்டி நிக்குது,” என்கிறாள் சௌந்தர்யா. “ஆரோக்கியம் இன்னும் வரலம்மா.” மின்விசிறி சுற்றுகிறது. அவள் மெல்ல வளையலை எடுக்கிறாள். “இதுல ஆளுங்களே கிடையாதுப்பா. நல்லா பாரு.” அவர் திரையையே பார்க்கிறார். “அன்னிக்கும் கேபின்லேர்ந்து நல்லாதான் பாத்தேன். யாரும் தெரியலம்மா.”